பழைய பிக்கப்பில் மிஸ்ஃபயர்: கையடக்க ஓபிடி ஸ்கேனர் எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது?

சொந்தத் திரையும் கம்பியும் கொண்ட, கைக்குள் அடங்கும் ஓபிடி-2 ஸ்கேனர் (வண்டியின் கணினி பதிந்துவைத்த பழுதுகளைப் படிக்கும் கருவி) ஒன்றை இங்கே மதிப்பிடுகிறேன். இதே மென்பொருள் வெவ்வேறு பெயர் ஒட்டிய பல பெட்டிகளில் விற்பனைக்கு வருவதால், ஒரு பெயரைச் சொல்வதில் வாங்குபவருக்குப் பெரிய பயனில்லை. பெட்டியின் மேல் எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே என்னென்ன வசதி இருக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வதே முக்கியம். இதைச் சோதித்த வண்டி, இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய, எட்டு சிலிண்டர் பெட்ரோல் பிக்கப். சுமையேற்றி ஏற்றத்தில் போகும்போது இன்ஜின் மிஸ் அடிக்கிறது, அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் தன் முறையில் எரியாமல் தவறுகிறது என்பது புகார். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழுதுக் குறியீட்டை மட்டும் படிப்பதற்காக இதை வாங்குவது வீண்செலவு, குறியீட்டுக்குப் பின்னால் இருக்கும் எண்களைப் படிக்கப் பழகிக்கொள்கிறவருக்கு இது கொடுத்த காசுக்கு மேல் உழைக்கும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனை இணைப்பில் கம்பியைச் செருகியவுடன், வண்டியின் பேட்டரியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு திரை உயிர்பெறுகிறது. உயிர்பெறவில்லை என்றால் கருவியைக் குறை சொல்வதற்கு முன் சிகரெட் லைட்டரின் ஃபியூஸைப் பார்க்க வேண்டும். பல பிக்கப்புகளில் இரண்டுக்கும் ஒரே ஃபியூஸ்தான். அமெரிக்காவில் 1996 மாடல் ஆண்டு முதல் எல்லாக் கார்களிலும் இலகுரக டிரக்குகளிலும் இந்த இணைப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் இணைப்பின் வடிவம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே பேசும் மொழி ஒன்றல்ல. 2008-க்கு முந்தைய பிக்கப்புகளில் ஃபோர்டு ஒரு வகை ஜே1850 நெறிமுறையையும், ஜெனரல் மோட்டார்ஸ் இன்னொரு வகை ஜே1850 நெறிமுறையையும், வேறு பல நிறுவனங்கள் ஐஎஸ்ஓ 9141 நெறிமுறையையும் பயன்படுத்தின. கேன் நெறிமுறை எல்லாருக்கும் பொதுவானது அதற்குப் பிறகுதான். எனவே பழைய வண்டிக்கு ஸ்கேனர் வாங்குகிறவர் முதலில் உறுதிசெய்ய வேண்டியது, இந்த நெறிமுறைகள் எல்லாவற்றையும் அது பேசுகிறதா என்பதையே. நான் சோதித்த கருவி பேசுகிறது. ஒவ்வொன்றாக முயன்று பார்த்துவிட்டுச் சேர்வதால் இணைவதற்குச் சற்று நேரமாகிறது, ஆனால் சேர்ந்தபின் அறுந்துபோகவில்லை.

திரையில் வந்த குறியீடு பி0303, அதாவது மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர். இந்தக் குறியீடு எப்படிப் பிறக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்று தெரியும். இன்ஜின் கணினி எரிதலை நேரடியாகப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது கிராங்க் ஷாஃப்ட் கொஞ்சம் வேகமெடுக்கும். வெடிக்காத சிலிண்டரின் முறை வரும்போது அந்த வேகம் கொஞ்சம் குறையும். அந்த நுண்ணிய ஏற்ற இறக்கத்தை கிராங்க் சென்சார் வழியாக அளந்து, எந்தச் சிலிண்டரின் முறையில் வேகம் விழுந்தது என்று கணினி கணக்கிடுகிறது. ஆகவே பி0303 என்பதற்கு, மூன்றாவது சிலிண்டர் தன் பங்கு தள்ளலைத் தரவில்லை என்பது மட்டுமே பொருள். தீப்பொறி இல்லாமலா, பெட்ரோல் வராமலா, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) இல்லாமலா என்பது அந்தக் குறியீட்டில் இல்லவே இல்லை. கருவி அதோடு நிற்காமல் "சாத்தியமான காரணங்கள்" என்று ஒரு பட்டியலையும் நீட்டுகிறது. ஸ்பார்க் பிளக், காயில் (பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் பாகம்), இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் பாகம்), ஒயரிங் என்று எந்த வண்டிக்கும் அதே வரிசை வரும் அந்தப் பட்டியல், உதவுவதைவிடக் கெடுப்பதே அதிகம் என்பது என் கருத்து. அதை நம்பி ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்க்கத் தொடங்கினால் செலவுக்கு முடிவே இருக்காது.

குறியீட்டைவிட ஃப்ரீஸ் ஃபிரேம்தான் எனக்குப் பயன்பட்டது. பழுது பதிவான அந்த நொடியில் இன்ஜின் எந்த நிலையில் இருந்தது என்பதைக் கணினி பிடித்து வைத்திருக்கும் பதிவு அது. இந்த வண்டியில் அது காட்டியது: நிமிடத்துக்குச் சுமார் 1,500 சுற்று, லோடு (இன்ஜின் இழுக்கும் சுமை) 80 சதவீதத்துக்கு மேல், கூலன்ட் வெப்பம் 90 டிகிரி, உயர்ந்த கியரில் போகும் வேகம். இந்த நான்கு எண்களையும் சேர்த்துப் படித்தால், இன்ஜின் நன்றாகச் சூடேறியபின், குறைந்த சுற்றில், மிதியை அழுத்திச் சுமை இழுக்கும்போது மிஸ் அடிக்கிறது என்பது தெளிவாகிறது. சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது பிளக்கின் இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு அதிக வோல்டேஜ் வேண்டும். ஐடிலில் (மிதியைத் தொடாமல் இன்ஜின் ஓடும் நிலையில்) தாக்குப்பிடிக்கும் பலவீனமான இக்னிஷன் இந்த இடத்தில்தான் காலை வாரிவிடும். எரிந்துபோன வால்வு என்றால் பெரும்பாலும் ஐடிலிலேயே தடுமாற்றம் தெரிந்திருக்கும். ஆக, பானட்டைத் திறப்பதற்கு முன்பே சந்தேகம் இக்னிஷன் பக்கம் சாய்ந்துவிட்டது.

இவ்வளவு மதிப்புள்ள பதிவை இந்தக் கருவி எவ்வளவு அலட்சியமாகக் கையாள்கிறது என்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. குறியீட்டைப் படித்து முடித்தவுடன் அடுத்த மெனுவிலேயே "அழி" என்ற கட்டளை வந்து நிற்கிறது. ஒரே ஒரு "ஆம்" அழுத்தினால் குறியீட்டோடு ஃப்ரீஸ் ஃபிரேமும், வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்த ரெடினஸ் நிலைகளும் சேர்ந்து போய்விடும். பல வண்டிகளில் கணினி கற்றுவைத்திருந்த ஃபியூல் ட்ரிம் (பெட்ரோல் அளவுத் திருத்த) மதிப்புகளும் பூஜ்யத்துக்குத் திரும்பும். அழித்தால் என்னென்ன போகும் என்று ஒரு வரி எச்சரிக்கை போட்டிருக்கலாம். வாங்குகிறவர்கள் எதைத் தொடுவதற்கும் முன் ஃப்ரீஸ் ஃபிரேம் திரையைக் கைபேசியில் படம் எடுத்துவைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது சிலிண்டர் எது என்பதையும் கருவி சொல்வதில்லை. ஓட்டுநர் இருக்கையில் முன்னோக்கி உட்கார்ந்த நிலையில், ஃபோர்டின் எட்டு சிலிண்டர் இன்ஜின்களில் வலப்பக்க வரிசை முன்னிருந்து பின்னாக 1 முதல் 4 வரை, இடப்பக்கம் 5 முதல் 8 வரை எண்ணப்படுகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் இன்ஜின்களில் இடப்பக்கம் 1, 3, 5, 7, வலப்பக்கம் 2, 4, 6, 8. ஒன்றின் கணக்கை இன்னொன்றில் வைத்துக் கழற்றினால் நன்றாக வேலை செய்யும் சிலிண்டரைத்தான் நோண்டிக்கொண்டிருப்போம். வண்டியின் அடையாள எண்ணைத் தானே படித்துக்கொள்ளும் கருவிக்கு, புதிய வண்டிகளிலாவது, ஒரு சிறிய வரைபடத்தைக் காட்டுவது கடினமான காரியமல்ல.

அடுத்துச் செய்தது எல்லாருக்கும் தெரிந்த இடமாற்றச் சோதனை. ஒவ்வொரு பிளக்குக்கும் மேலே தனித்தனிக் காயில் அமர்ந்திருக்கும் இன்ஜின் இது என்பதால், மூன்றாவது காயிலை ஆறாவதில் வைத்து, ஆறாவதை மூன்றுக்குக் கொண்டுவந்து, அதே ஏற்றத்தில் அதே சுமையோடு ஓட்டிப் பார்த்தேன். பழுது காயிலோடு போயிருந்தால் பி0306 மட்டும் வந்திருக்க வேண்டும். போகவில்லை என்றால் பி0303 மட்டும். கருவியில் இரண்டும் வந்தன. இந்த இடத்தில் புதுக் குழப்பம் வந்ததாகத் தோன்றலாம். உண்மையில் விடை கிடைத்ததே இங்கேதான். மூன்றாவது பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, அதன் வெள்ளைப் பீங்கான் மேல் பென்சிலால் கிழித்ததுபோல் மெல்லிய கருங்கோடு ஒன்று மேலிருந்து கீழே உலோகம்வரை ஓடியிருந்தது. காயிலின் பூட் எனப்படும் ரப்பர் உறையை உள்பக்கமாகப் பிதுக்கிப் பார்த்தால், அதே கோட்டுக்கு நேராக அங்கேயும் ஒரு கருகிய தடம். மின்சாரம் பிளக்கின் முனைக்குப் போகாமல், பீங்கானின் வெளிப்புறமாகவே இறங்கி, இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. காயிலை மாற்றி வைத்தபோது கருகிய பூட் ஆறாவதற்குப் போய்விட்டது, கருகிய பிளக் மூன்றாவதிலேயே தங்கிவிட்டது; ஆகவே இரண்டு சிலிண்டரும் மிஸ் அடித்தன.

இதற்கு வேர் பிளக்கின் தேய்மானம். சுமார் 1.3 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி 1.8-ஐத் தாண்டியிருந்தது. இடைவெளி அகல அகலப் பொறிக்கு வேண்டிய வோல்டேஜ் ஏறுகிறது. முனை வழியாகத் தாண்டுவது கடினமானால் மின்சாரம் சுலபமான வேறு வழியைத் தேடிக்கொள்கிறது. ஒருமுறை கரித்தடம் பதிந்துவிட்டால் அதன்பிறகு அதுவே அதன் பாதை. இப்படிப்பட்ட நிலையில் பிளக்கை மட்டும் மாற்றிப் பழைய பூட்டையே போட்டால் புதுப் பிளக்கிலும் தடம் விழும்; பூட்டை மட்டும் மாற்றினால் பழைய பிளக் புதுப் பூட்டைக் கெடுக்கும். எட்டுப் பிளக்குகளையும் பூட்டுகளையும் சேர்த்தே மாற்றினேன், காயில்களை மாற்றவில்லை. கருவி கொடுத்த பட்டியலில் பூட் என்ற பாகமே இல்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

சுமையில் மிஸ் அடிப்பது நின்றது. ஆனால் ஐடிலில் ஒரு லேசான நடுக்கம் மிச்சமிருந்தது. இந்த இரண்டாவது பழுதில்தான் ஸ்கேனர் தன் விலையை ஈடுகட்டியது. லைவ் டேட்டாவில் ஃபியூல் ட்ரிம் என்று ஒரு பகுதி உண்டு. ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு, கணினி தன் அடிப்படைக் கணக்கைவிட எத்தனை சதவீதம் கூடுதலாகவோ குறைவாகவோ பெட்ரோல் ஊற்றுகிறது என்பதைக் காட்டும் எண் அது. உடனடித் திருத்தம் ஒன்று, காலப்போக்கில் கற்றுக்கொண்ட நீண்டகாலத் திருத்தம் ஒன்று. நன்றாக இருக்கும் இன்ஜினில் இரண்டின் கூட்டுத்தொகை பூஜ்யத்தையொட்டி ஒற்றை இலக்கத்திலேயே நிற்கும். இந்த வண்டியில், சூடேறி ஐடிலில் நிற்கும்போது நீண்டகாலத் திருத்தம் இரண்டு பேங்கிலும் (இரு பக்கச் சிலிண்டர் வரிசைகளிலும்) 14 சதவீதம் கூடுதல். ஆக்ஸிலரேட்டரைப் பிடித்து 2,500 சுற்றில் நிறுத்தினால் 3 சதவீதத்துக்கு இறங்கியது.

இந்த இறக்கம் ஒன்றே போதும். இன்டேக்கில் எங்கோ கணக்கில் வராத காற்று நுழைகிறது என்றால், ஐடிலில் மொத்தக் காற்றே கொஞ்சம் என்பதால் அந்தத் திருட்டுக் காற்று பெரும்பங்காகிவிடும். சுற்று ஏறும்போது மொத்தக் காற்று பெருகுவதால் அதே ஓட்டையின் பங்கு சிறுத்துவிடும். பெட்ரோல் பம்ப் தளர்ந்திருந்தால் நிலைமை நேர்மாறாக இருக்கும்: ஐடிலில் எல்லாம் சரியாகத் தெரிந்து, சுமை ஏற ஏறத் திருத்தமும் ஏறும். இரண்டு பேங்கும் ஒரே அளவில் ஏறியிருப்பது, ஓட்டை இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருப்பதைக் காட்டுகிறது. இன்டேக்கின் பின்பக்கம், ஃபயர்வாலை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பிசிவி குழாயின் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் குழாய்) ரப்பர் வளைவு இருக்கிறது. விரலை வைத்து அழுத்தியவுடன் அது சப்பையாக அமுங்கியது, அடிப்பக்கத்தில் நீளவாக்கில் பிளந்திருந்தது. எண்ணெய் ஆவியில் ஊறி ஊறி ரப்பர் களிபோலாகிவிடும் இந்த இடம், பழைய இன்ஜின்கள் பலவற்றில் முதலில் தடவிப் பார்க்க வேண்டிய இடம். அந்தச் சிறு குழாயை மாற்றியபின் ஐடிலில் திருத்தம் நாளடைவில் ஒற்றை இலக்கத்துக்கு வந்தது, நடுக்கமும் நின்றது.

ஃபியூல் ட்ரிம்மை நம்புகிறவர்கள் ஒரு கண்ணியைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தீப்பொறி இல்லாமல் ஒரு சிலிண்டர் வெடிக்காமல் போனால், அதில் போன காற்றின் ஆக்ஸிஜன் முழுவதும் அப்படியே புகைக்குழாய்க்கு வந்துவிடும். ஆக்ஸிஜன் சென்சாருக்குப் பெட்ரோலை அளக்கத் தெரியாது, ஆக்ஸிஜனை மட்டுமே தெரியும். ஆகவே அந்த பேங்கில் பெட்ரோல் குறைவு என்று அது தவறாகச் சொல்ல, கணினியும் மேலும் பெட்ரோலை ஊற்றும். மிஸ்ஃபயர் தொடர்ந்து இருக்கும்போது ஒரு பேங்கில் மட்டும் ட்ரிம் ஏறியிருப்பதைப் பார்த்து வேக்கம் லீக் (கணக்கில் வராத காற்று நுழையும் ஓட்டை) என்று முடிவுகட்டக் கூடாது. முதலில் மிஸ்ஃபயரைத் தீர்த்துவிட்டு, பிறகு ட்ரிம்மைப் படிக்க வேண்டும்.

லைவ் டேட்டாவின் வேகம் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். இதில் கருவியின் தவறு பாதிதான். ஜே1850 காலத்து வண்டிகளின் தகவல் ஓட்டமே மெதுவானது. இருபது எண்களை ஒரே திரையில் கேட்டால் ஒவ்வொன்றும் புதுப்பிக்கப்படுவதற்குள் நிலைமை மாறிவிடுகிறது. சுற்று, லோடு, இரண்டு பேங்கின் நீண்டகால ட்ரிம் என நான்கை மட்டும் தேர்ந்தெடுத்தால் பார்க்கும்படியாக இருக்கிறது. தேர்ந்தெடுக்கும் வசதி இல்லாத மலிவான மாதிரிகளும் உண்டு, அவற்றைத் தவிர்த்துவிடலாம். மோட் 6 என்ற பகுதியில், குறியீடு விழும் அளவுக்குப் போகாத மிஸ்ஃபயரையும் சிலிண்டர்வாரியாகப் பார்க்க முடியும். ஆனால் கேன் நெறிமுறைக்கு முந்தைய வண்டிகளில் எந்த எண் எதைக் குறிக்கிறது என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். கருவி வெறும் எண்களை நிரப்பிக்காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. தயாரிப்பாளரின் விளக்க அட்டவணை கையில் இருப்பவருக்கு மட்டுமே அது பொக்கிஷம்.

இக்கருவியால் எட்ட முடியாத எல்லைகளும் உண்டு. கம்ப்ரஷனை அது அறியாது. பிளக்கையும் காயிலையும் மாற்றியும் அதே சிலிண்டரில் மிஸ்ஃபயர் நீடித்தால், கம்ப்ரஷன் கேஜை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை: இன்ஜின் சூடாக இருக்க, எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, த்ராட்டிலை முழுதாகத் திறந்துவைத்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் நாலைந்து அமுக்கம் வரும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். மிகக் குறைந்த சிலிண்டர் மிக உயர்ந்ததில் முக்கால் பங்குக்குக் கீழே இருந்தால் கோளாறு இன்ஜினுக்குள் இருக்கிறது. பிளக் துளையில் கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி அளந்து, அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால் அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். பொறியின் பலத்தையும், இன்ஜெக்டர் எவ்வளவு பீய்ச்சுகிறது என்பதையும்கூட ஸ்கேனர் காட்டாது.

அபாயத்தின் அளவையும் அது சொல்வதில்லை. டேஷ்போர்டில் செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிவது ஒன்று, விட்டுவிட்டு மின்னுவது வேறு. மின்னினால், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் நடக்கிறது என்று பொருள். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதன் உள்ளடுக்கையே உருக்கிவிடும். இரண்டு நிலைகளிலும் இந்தத் திரையில் வருவது அதே பி0303தான். விளக்கு மின்னும்போது மிதியைத் தளர்த்த வேண்டும். அப்போதும் மின்னிக்கொண்டே இருந்தால் வண்டியை ஓரங்கட்டிவிட வேண்டும். ஸ்கேனரில் குறியீட்டைப் படித்துக்கொள்ளலாம் என்று வீடுவரை ஓட்டக் கூடாது.

உடலமைப்பில் குறைகள் சிறியவை. பொத்தான்கள் கிரீஸ் படிந்த கையுறையோடு அழுத்தவும் ஒத்துழைக்கின்றன. கம்பி தடிமனாக, மடக்கினாலும் ஒடியாததாக இருக்கிறது. நேரடி வெயிலில் திரை ஏறக்குறைய தெரிவதில்லை. சொந்த பேட்டரி இல்லாததால், ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது வண்டியின் வோல்டேஜ் விழுந்தால் கருவி அணைந்து மறுபடி தொடங்குகிறது. இன்ஜின் பிடிக்காத வண்டியில் கிராங்க் சென்சார் சுற்றைக் காட்டுகிறதா என்று பார்க்க நினைப்பவருக்கு இது எரிச்சலூட்டும். கைபேசியோடு இணையும் குட்டி ப்ளூடூத் அடாப்டர்கள் இன்னும் மலிவு, திரையும் பெரிது. ஆனால் நெறிமுறைகளை மொழிபெயர்க்கும் இஎல்எம்327 சிப்பின் நகல்களைக் கொண்ட அடாப்டர்கள் பல, ஜே1850 நெறிமுறையில் தடுமாறுகின்றன. புதிய வண்டிக்கு அவை போதும். 2008-க்கு முந்தைய பிக்கப்புக்குக் கம்பி வைத்த கருவியையே பரிந்துரைப்பேன். அதோடு ஒரு ஸ்பார்க் டெஸ்டரையும் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது.

1996-க்கு முந்தைய பிக்கப் வைத்திருப்பவர்கள் இந்தக் கருவியை வாங்க வேண்டாம், பெரும்பாலும் செருகவே இடம் இருக்காது. அவர்களுடைய இன்ஜினில் டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியும் ரோட்டரும் பிளக் ஒயர்களும்தான் முதல் சந்தேகத்துக்குரியவை; இருட்டில் பானட்டைத் திறந்து, ஒயர்கள்மேல் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டு இன்ஜினை ஓடவிட்டால், கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியும், கையை மட்டும் உள்ளே விடக் கூடாது. அவர்கள் வாங்க வேண்டியது வேக்கம் கேஜ். கடல்மட்டத்தில், நன்றாக இருக்கும் இன்ஜின் ஐடிலில் சுமார் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவில் முள்ளை அசையாமல் நிறுத்தும். முள் சீரான இடைவெளியில் கீழே துடித்துத் துடித்து மீண்டால் ஏதோ ஒரு சிலிண்டரின் வால்வு சரியாக மூடவில்லை. முள் மொத்தமாகத் தாழ்ந்தே நின்றால் வேக்கம் லீக்கையோ, பின்தங்கிய டைமிங்கையோ (பொறி தாமதமாக விழுவதையோ) தேட வேண்டும்.